வகுப்பில் வீணாகும் நிமிடங்களும் திருத்தித் தீராத நோட்டுகளும்

பெங்களூருவின் அல்சூர், ஸ்ரீராமபுரம், மர்பி டவுன், விவேக் நகர், லிங்கராஜபுரம் பக்கத்துப் பள்ளிகளில் ஒரே பெஞ்சில் நாலு வீட்டுமொழி உட்கார்ந்திருக்கும். தமிழ், கன்னடம், தெலுங்கு, தக்கினி உருது. இப்போது இந்தியும் ஒடியாவும்கூடச் சேர்ந்திருக்கின்றன. ஸ்டாஃப் ரூமில் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் "இந்த வருஷம் ஆறாங்கிளாஸ் அடங்கவே மாட்டேங்குது மிஸ்" என்பதில் வந்து நிற்கும். அடங்காத வகுப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி ஏற்பாட்டுக் கோளாறுதான். கையில் வேலையில்லாமல் பிள்ளைகள் காத்திருக்கும் நிமிடங்களைத் தேடி அடைத்தாலே பாதிச் சத்தம் போய்விடும். மீதியில் கணிசமானது மொழிச் சிக்கல். அதைக் கவனக்குறைவு என்று நினைத்து வருடக்கணக்காகத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் அட்டெண்டன்ஸ். 45 பேர் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு "எஸ் மிஸ்" கேட்பதற்குள் தலைக்கு 4 விநாடி வைத்தாலும் 3 நிமிடம் ஓடிவிடும். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலைநாள் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் வருடத்துக்கு 11 மணி நேரம், அதாவது 40 நிமிட பீரியட் கணக்கில் 16 பீரியட், பெயர் கூப்பிடுவதிலேயே கரைகிறது. அந்த 3 நிமிடத்திலும் தன் பெயர் வந்துபோன பிள்ளைக்குச் செய்ய ஒன்றும் இல்லை. சத்தம் அங்கேதான் பிறக்கிறது.

இதற்கு உட்காரும் இடத்தின் வரைபடம் ஒன்று போதும். ஒரு ஏ4 தாளில் பெஞ்சுகளைக் கட்டம் கட்டமாகப் போட்டு, பெயரும் ரிஜிஸ்டர் எண்ணும் எழுதி, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போது காலி இடத்தை மட்டும் பார்த்துக் குறித்தால் ஒரு நிமிடத்துக்குள் முடியும். முதல் இரண்டு வாரம் யாரும் இடம் மாறாமல் கண்டிப்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே தளர்த்தினால் வரைபடம் பொய்யாகிவிடும். மாதம் ஒருமுறை நீங்களே மாற்றி உட்கார வையுங்கள். நண்பன் பக்கத்தில் உட்காரவேண்டும் என்ற ஏக்கத்துக்கும் அது வழி விடும்.

பெல் அடிப்பதற்கு முன்பே போர்டில் மூன்று கேள்வி இருக்கட்டும். ஒன்று நேற்றைய பாடத்திலிருந்து, ஒன்று போன வாரத்தது, ஒன்று போன மாதத்தது. உள்ளே வந்ததும் பேசாமல் ரஃப் நோட்டில் எழுத வேண்டும், 5 நிமிடம். முதல் கேள்வி வகுப்பிலேயே பின்தங்கிய பிள்ளைக்கும் வரவேண்டும், அதில் சமரசம் கூடாது. முதல் கேள்வியே கடினமாக இருந்தால் 20 கை ஒரேயடியாக எழும்பும், நீங்கள் பெஞ்சுக்குப் பெஞ்சு ஓட வேண்டிவரும். இன்னொரு தவறு, இந்த நோட்டையும் வாங்கித் திருத்த ஆரம்பிப்பது. அப்படிச் செய்தால் 5 நிமிடம் 15 நிமிடமாகிவிடும், ஒரு மாதத்தில் நீங்களே கைவிடுவீர்கள். விடையைச் சொல்லுங்கள், பிள்ளைகள் வேறு நிறப் பென்சிலால் தாங்களே டிக் போட்டுக்கொள்ளட்டும். எத்தனை பேருக்கு மூன்றும் சரி, எத்தனை பேருக்கு மூன்றாவது வரவில்லை என்று கை தூக்கச் சொல்லி மனதில் வாங்கிக்கொண்டால் போதும்.

லேட்டாக வருகிறவர்களுக்குக் கதவருகே ஒரு நோட்டு. பெயரும் நேரமும் எழுதிவிட்டுச் சத்தமில்லாமல் உட்கார வேண்டும். வகுப்புக்கு முன்னால் நிறுத்தி "ஏன் லேட்டு?" என்று கேட்டால் இரண்டு நிமிடமும் போகும், பிள்ளையின் மானமும் போகும். வாரக் கடைசியில் அந்த நோட்டைப் புரட்டுங்கள். ஒரே பெயர் மூன்று தடவை இருந்தால் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். அம்மா கார்மென்ட்ஸ் ஷிப்டுக்குக் கிளம்பிவிட, தம்பியை அங்கன்வாடியில் விட்டுவிட்டு வருகிற அக்காக்கள் எத்தனை பேர் என்பது அப்போதுதான் தெரியவரும்.

பென்சில் இல்லை, ஸ்கேல் இல்லை என்ற புலம்பலும் நிமிடங்களைத் தின்னும். மேஜையில் ஒரு டப்பாவில் பத்துப் பென்சில், ஒவ்வொன்றின் முனையிலும் சிவப்பு டேப் சுற்றி, சீவித் தயாராக இருக்கட்டும். அடையாள அட்டையை வைத்துவிட்டு எடுத்துப் போகலாம், திருப்பித் தந்து அட்டையை வாங்கிக்கொள்ளலாம். குப்பைத் தொட்டியருகே நின்று பென்சில் சீவுவது பிள்ளைகளுக்குச் சின்னத் திருவிழா. மொக்கைப் பென்சிலைக் கொடுத்து டப்பாவிலிருந்து சீவினதை எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தால் அந்தக் கூட்டம் சேராது.

கரும்பலகையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் தேதி, இப்போது செய்யவேண்டிய வேலை, எத்தனை மணிக்கு முடிக்க வேண்டும், முடித்தவர்கள் அடுத்து என்ன செய்யலாம். நடுவில் பாடம். வலப்பக்கம் அந்த வாரத்துப் புதுச் சொற்கள், சனிக்கிழமை வரை அழிக்கக் கூடாது. எழுத்து 5 சென்டிமீட்டர் உயரமாவது வேண்டும். எழுதியபின் ஒருமுறை கடைசி பெஞ்சின் இரு ஓரங்களிலும் உட்கார்ந்து பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளக்கும் மூலையில் எழுதியதைப் பார்க்க முடியாத பிள்ளை பக்கத்து நோட்டைப் பார்த்துத்தான் எழுதும். நாம் அதைக் காப்பியடிப்பு என்போம்.

கேள்வி கேட்கும் முறையிலும் ஒன்று சொல்லவேண்டும். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்து, கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். 3 விநாடி காத்திருந்தாலே பதில்கள் நீளமாயின, பதிலே வராமல் போவது குறைந்தது. பெங்களூரு வகுப்பில் 3 விநாடியும் போதாது. இங்கிலீஷில் கேட்ட கேள்வியைத் தமிழிலோ உருதுவிலோ யோசித்து, பதிலைத் திரும்ப இங்கிலீஷுக்குக் கொண்டுவர வேண்டிய பிள்ளைக்கு மனதுக்குள் ஐந்து எண்ணும் வரை பொறுங்கள். முதலில் கேள்வி, பிறகு இடைவெளி, கடைசியில்தான் பெயர். பெயரை முதலில் சொன்னால் மற்ற 44 பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

நோட்டுத் திருத்தத்துக்கு வருவோம். ஆசிரியர் வேலையில் மிகுந்த நேரத்தை வாங்கிக்கொண்டு மிகக் குறைந்த பலனைத் தருவது இதுதான். நோட்டுக்கு 3 நிமிடம் என்றால் 45 நோட்டுக்கு 2 மணி 15 நிமிடம். ஐந்து செக்‌ஷன் எடுக்கிறவருக்கு 11 மணி நேரத்துக்கு மேல். இது நடக்காது, நடக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் ராத்திரி டிவி பார்த்துக்கொண்டே பக்கத்துக்கு ஒரு டிக் போடும் பழக்கம் வருகிறது. ஒரு வகுப்பின் நோட்டுகளை ஐந்தாகப் பிரியுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு 9 நோட்டு, 27 நிமிடம். அந்த ஒன்பதை உருப்படியாகப் பாருங்கள். மற்ற நாட்களின் வேலையைப் பிள்ளைகளே வகுப்பில் திருத்தித் தேதி போடட்டும், கீழே நீங்கள் கையெழுத்து மட்டும் இடுங்கள். "எல்லாப் பக்கத்திலும் சிவப்பு மை வேண்டும்" என்று தலைமையாசிரியரோ பார்வையிட வருகிறவரோ கேட்டால், நோட்டின் உள்ளட்டையில் இந்த முறையை இரண்டு வரியில் எழுதி ஒட்டியிருப்பது கைகொடுக்கும்.

அந்த ஒன்பது நோட்டில் என்ன பார்ப்பது? ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இப்படி எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "நேத்து மளை பேஞ்சுது அதனால அக்கா கூட வறல". எண்ணிப் பார்த்தால் அரை டஜன் பிழை தேறும். எல்லாவற்றையும் வட்டம் போட்டுச் சரியான வடிவத்தை மேலே எழுதிக் கொடுத்தால் பிள்ளை அதைப் பார்த்து ஐந்து தடவை எழுதிவிட்டு, அடுத்த வாரம் மறுபடி "மளை" என்றே எழுதும். கை எழுதியது, தலை வேலை செய்யவில்லை. இந்த வாரம் ழகரம் என்று முடிவு செய்திருந்தால் அந்த வரியின் ஓரத்தில் "ழ" என்று ஒரே எழுத்தை மட்டும் எழுதுங்கள். எந்தச் சொல் என்று காட்ட வேண்டாம். பிள்ளையே வரியைத் தேடிக் கண்டுபிடித்துத் திருத்தட்டும். ஒற்றுப் பிழைக்கு "ஒ", நிறுத்தக்குறிக்கு "நி", சொல் விட்டுப்போனதற்கு "வி" என்று நாலைந்து குறி போதும், அதற்கு மேல் போனால் பிள்ளைகளுக்கும் நமக்கும் குழப்பம். நோட்டைத் திருப்பிக் கொடுத்த கையோடு வகுப்பிலேயே 5 நிமிடம் ஒதுக்க வேண்டும். வீட்டுக்குப் போய்த் திருத்தி வா என்றால் அந்தப் பக்கத்தை யாரும் திறக்கப்போவதில்லை. "நேத்து", "பேஞ்சுது" போன்றவற்றை இங்கே விட்டுவிடுங்கள். அவற்றுக்குப் பேச்சு, எழுத்து என்று இரண்டு பத்தி போட்டுத் தனிப் பாடமே நடத்தலாம்.

மதிப்பெண்ணும் போட்டு, கருத்தும் எழுதுவது வீண் உழைப்பு. ரூத் பட்லர் இஸ்ரேலியப் பள்ளிகளில் 5, 6ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்து 1988இல் வெளியிட்ட ஆய்வில், கருத்து மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணோடு கருத்தும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. எண்ணைப் பார்த்ததும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. டெஸ்ட்டுக்கு மதிப்பெண், தினசரி நோட்டுக்குக் கருத்து என்று பிரித்துக்கொள்வது நல்லது.

"மளை" எங்கிருந்து வருகிறது? மழைக்குக் கன்னடம் "மளெ". கோழி "கோளி", ஏழு "ஏளு", வாழை "பாளெ". ழகரமும் றகரமும் கன்னடத்தில் வழக்கொழிந்து போனவை. தெருவில், பஸ்ஸில், கடையில் நாள் முழுக்க ளகரத்தையே கேட்கிற பிள்ளைக்கு ழ என்று ஓர் ஒலி இருப்பதே காதில் விழுவதில்லை. ஆகவே "நாக்கை மடக்கு" என்று அதட்டிப் பயனில்லை. இரண்டு பட்டியல் போட்டுக் கொடுங்கள். கன்னடத்தில் ள, தமிழில் ழ: மழை, கோழி, ஏழு, வாழை. இரண்டிலும் ள: வெள்ளி, முள், தேள், பள்ளம். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த கன்னடச் சொல்லின் பக்கத்தில் தமிழ்ச் சொல் நிற்பதால் மனப்பாடம் எளிது. வாரத்துக்கு ஆறு சொல்லுக்கு மேல் வேண்டாம். கர்நாடக எஸ்எஸ்எல்சியில் தமிழை முதல் மொழியாக எடுக்கும் பிள்ளைக்கு அந்தத் தாள் 125 மதிப்பெண், மற்றவை 100 என்பதையும் நினைவில் வைத்தால் இந்த உழைப்பு வீணில்லை என்று புரியும்.

எதிர்த்திசையிலும் இதே வழி உதவும். 2015ஆம் ஆண்டின் கன்னட மொழி கற்றல் சட்டத்துக்குப் பிறகு மாநிலத்துப் பள்ளிகளில் கன்னடம் கட்டாயம். வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் பிள்ளைக்கு அது அந்நியம் இல்லை என்று முதல் வாரமே காட்டிவிடலாம். பால் ஹாலு, பத்து ஹத்து, பூ ஹூவு, புலி ஹுலி, பல் ஹல்லு, பாம்பு ஹாவு. தமிழின் ப அங்கே ஹ. வாய் பாயி, வெல்லம் பெல்ல, வேர் பேரு. தமிழின் வ அங்கே, "பஸ்" என்னும்போது வருகிற மெல்லிய ப. பத்துச் சொல்லுக்குள் பிள்ளைகளே அடுத்த சொல்லை ஊகிக்க ஆரம்பித்துவிடுவார்கள், அந்த முகங்களைப் பார்ப்பதே தனி சந்தோஷம். அந்த உற்சாகத்தில் "ஹுஸ்தக" என்றும் ஒன்று வரும். சமஸ்கிருதத்திலிருந்து வந்த புஸ்தக, பாட போன்றவற்றில் ப மாறாது என்று அப்போது சொன்னால் போதும், முன்கூட்டியே சொல்லிக் குழப்ப வேண்டாம். கன்னடத்தில் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனித்தனி எழுத்து. டிக்டேஷனில் அவற்றை மாற்றிப் போடும் தமிழ்ப் பிள்ளையைத் தொண்டையில் இரண்டு விரல் வைத்துச் சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள். "கடை"யின் முதல் எழுத்தில் அதிர்வு தெரியாது, "கணபதி"யின் முதல் எழுத்தில் தெரியும்.

கணக்கிலும் மொழி புகுந்துகொள்ளும். 90க்குக் கன்னடத்தில் "தொம்பத்து", உள்ளே பத்து இருக்கிறது. தமிழில் "தொண்ணூறு", உள்ளே நூறு ஒலிக்கிறது. 900 தமிழில் "தொள்ளாயிரம்", கன்னடத்தில் "ஒம்பைனூறு". வாயால் சொன்ன எண்ணை எழுதச் சொன்னால் 90க்கு 900 போடும் பிள்ளையின் இடமதிப்பு அறிவைச் சந்தேகிக்கும் முன், அதே எண்ணைப் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளால் காட்டி எழுதச் சொல்லிப் பாருங்கள். சரியாக எழுதினால் சிக்கல் காதில்தான், கணக்கில் இல்லை.

மொழி தெரியாமல் புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு அதே மொழி பேசும் துணையைப் பக்கத்தில் உட்கார வைப்போம். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தத் துணைப்பிள்ளை வருடம் முழுவதும் மொழிபெயர்ப்பாளராகவே இருந்தால் அதன் படிப்பு கெடும். வாரம் ஒருவர் என்று மாற்றிக்கொண்டே வாருங்கள். பதிலை முதலில் வீட்டுமொழியில் துணையிடம் சொல்லிவிட்டு, பிறகு வகுப்பு மொழியில் ஒரு வாக்கியமாகச் சொல்லலாம் என்ற அனுமதி, வாயே திறக்காத பிள்ளைகளைப் பேச வைக்கும்.

அடிதடிக்கு வருவோம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடுக்கிறது. முட்டி போட வைப்பதும், "உங்கப்பன் ஆட்டோ ஓட்டறான், நீயும் அதுக்குத்தான் லாயக்கு" என்பதும் ஒன்றேதான். சண்டை போட்ட இருவரையும் ஆளுக்கொரு மூலையில் எழுத்து வேலையோடு உட்கார வையுங்கள். பத்து நிமிடம் கழித்து அரைத் தாள் கொடுத்து மூன்று விஷயம் எழுதச் சொல்லுங்கள்: என்ன நடந்தது, அதில் நான் என்ன செய்தேன், இப்போது என்ன செய்யலாம். இன்டர்வலில் இரண்டையும் படித்துவிட்டு இருவரோடும் பேசுங்கள். இரண்டே நிமிடத்தில் கை குலுக்க வைத்து அனுப்பினால் சண்டை சாயங்காலம் கேட்டுக்கு வெளியே தொடரும். வகுப்புக்கு வெளியே நிறுத்துவது தண்டனையே இல்லை, வராந்தாதான் பள்ளியிலேயே சுவாரஸ்யமான இடம். ஒருவன் செய்ததற்கு வகுப்பு முழுவதையும் நிற்க வைத்தால், செய்யாத 44 பேரும் உங்கள்மேல் நம்பிக்கை இழப்பார்கள்.

ஜியாமெட்ரி பாக்ஸ் காணோம் என்றால் பைகளைச் சோதிக்காதீர்கள். எல்லாரையும் வரிசையாக வெளியே அனுப்பி, ஒவ்வொருவராகப் பின்பக்க மேஜையைச் சுற்றி உள்ளே வரச் சொல்லுங்கள். "தவறிப் பையில விழுந்திருந்தா மேஜை மேல வெச்சிடுங்க, யாரும் பாக்கமாட்டோம்" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே பார்க்காமல் இருங்கள். பெரும்பாலும் பொருள் திரும்பி வரும். திருடன் என்ற பெயர் ஒரு பிள்ளைக்கு ஒட்டிவிட்டால் பத்தாம் வகுப்பு வரை போகாது.

ஷீட் கூரை வகுப்புகளில் மழை பிடித்துக்கொண்டால் குரலால் பாடம் நடத்தவே முடியாது. கத்திப் பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டவர்கள் நிறைய. ஜூன் மாதமே ஒரு மழை உறை தயார் செய்துவிடுங்கள்: பேச்சில்லாமல் செய்யக்கூடிய பத்து வேலை, 45 பிரதி, படம் பார்த்து எழுதுதல், வரைபடத்தில் ஊர் குறித்தல், வாய்ப்பாட்டுக் கட்டம் போன்றவை. பொங்கலுக்கும் இதேபோல் முன்யோசனை வேண்டும். இங்கே சங்கராந்திக்கு ஒருநாள்தான் லீவு, தமிழ்க் குடும்பங்கள் திருவண்ணாமலை, தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று ஊருக்குப் போனால் ஒரு வாரம் திரும்பாது. பாதி பெஞ்ச் காலியாக இருக்கும் அந்த வாரத்தில் பின்னம் மாதிரி ஒரு புதுப் பாடத்தை ஆரம்பித்தால், மார்ச் வரை அதையே இரண்டு தடவை நடத்திக்கொண்டிருக்க வேண்டும். திருப்புதலுக்கு அந்த வாரம்தான் தோது.

பெற்றோர் கூட்டம் வார நாளில் காலை 11 மணிக்கு என்றால் பீன்யாவிலோ பொம்மனஹள்ளியிலோ கார்மென்ட்ஸில் நிற்கும் அம்மாவுக்கு ஒருநாள் சம்பளம் போச்சு. வராதவரை "அக்கறை இல்லை" என்று எழுதி வைப்பது அநியாயம். சனிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு மேல் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள், வருகை மாறும். பள்ளியிலிருந்து முதல் போன் புகாராக இருக்கக் கூடாது. ஜூன், ஜூலையிலேயே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நல்ல செய்தி போய்விட வேண்டும்: "வணக்கங்க, ஸ்கூல்லருந்து பேசறேன். பயப்படாதீங்க, நல்ல விஷயந்தான். பாப்பா இன்னிக்கு வகுத்தல் கணக்கு நாலையும் தானாவே போட்டா." நாளுக்கு இரண்டு போன், ஐந்து வாரத்தில் 45 வீடும் முடியும். பிறகு செப்டம்பரில் சிக்கலைச் சொல்ல நேர்ந்தால் அந்த அம்மா காது கொடுத்துக் கேட்பார். வாட்ஸ்அப் குரூப்பை அட்மின் மட்டும் எழுதும்படி வைத்துவிடுங்கள். ஒரு பிள்ளையைப் பற்றிய எதையும், பாராட்டைக்கூட, அங்கே போடாதீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அன்று ராத்திரி அடி விழும்.

தொண்டை பற்றி இரண்டு வார்த்தை. செருமாதீர்கள், ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். தொண்டை கட்டியிருக்கும்போது கிசுகிசுத்துப் பேசுவதும் குரலுக்குச் சிரமம்தான், அதைவிடப் பேசாமல் போர்டில் எழுதுங்கள். ஃபேன் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்துவதற்குப் பதில், விளக்கும் அந்த ஐந்து நிமிடம் ஃபேனை நிறுத்திவிட்டு வகுப்பின் நடுவில் வந்து நில்லுங்கள். சத்தமாக இருக்கும் வகுப்பின்மேல் கத்திப் பேச ஆரம்பித்தால் பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசுவார்கள், அவ்வளவுதான். ஒரே இடத்தில் நின்று, கையை உயர்த்தி, கடைசிக் கை உயரும்வரை பொறுத்திருங்கள். முதல் வாரத்தில் ஒரு நிமிடம் ஆகும், மூன்றாவது வாரத்தில் பத்து விநாடியில் அடங்கும்.